லஞ்சம் கேட்கிறார்கள், இன்னும் கொடுக்கவில்லை: அடுத்து என்ன செய்வது? முழுமையான வழிகாட்டி

லஞ்சப் புகார் கொடுப்பவருக்குச் சட்டம் அதிகப் பலம் தருவது, பணம் கைமாறுவதற்கு முந்தைய சில நாட்களில்தான். கேட்டிருக்கிறார்கள், இன்னும் கொடுக்கவில்லை என்ற நிலையில் லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போனால் கேட்டவரைக் கையும் களவுமாகப் பிடிக்க முடியும். உங்கள் மேல் வழக்கு வராது. கொடுத்து முடித்த பிறகு போனால் எல்லாமே கடினமாகிவிடும். நம்மில் பெரும்பாலானோர் நேர்மாறாகத்தான் செய்கிறோம். வேலை முடிந்தால் போதும் என்று கொடுத்துவிட்டு, அப்புறம் வருடக்கணக்கில் வயிறெரிகிறோம்.

தமிழ்நாட்டில் தாலுகா அலுவலகம், பதிவு அலுவலகம், மின்வாரியம், உள்ளாட்சி அலுவலகம் என்று எங்கோ ஓர் இடத்தில் பணம் கேட்கப்பட்டு, என்ன செய்வது என்று தெரியாமல் நிற்பவருக்காக இதை எழுதுகிறேன். தன்னிடம் யாரும் பணம் கேட்காவிட்டாலும், தன் தெருவில் போட்ட சாலை மூன்றே மாதத்தில் பெயர்ந்தது ஏன் என்று கேட்க நினைப்பவருக்கும் கடைசிப் பகுதியில் வழி இருக்கிறது.

முதலில் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

அடிப்படைச் சட்டம் 1988-ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டம். 2018 ஜூலையில் நடைமுறைக்கு வந்த திருத்தம் அதைப் பெரிதாக மாற்றியது. அதில் நாலைந்து பிரிவுகள் தெரிந்திருந்தால் போதும்.

7-வது பிரிவு லஞ்சம் வாங்குகிற, வாங்க முயல்கிற அரசு ஊழியருக்கானது. குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை, அதோடு அபராதம். "நான் வேலையை விதிப்படிதானே செய்து கொடுத்தேன், சந்தோஷமாகக் கொடுத்ததை வாங்கிக்கொண்டேன்" என்று அவர் தப்ப முடியாது. செய்த வேலை முறையானதாகவே இருந்தாலும், அதற்காகச் சம்பளத்துக்கு மேல் ஒன்றைப் பெறுவதே குற்றம் என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. தானே வாங்காமல் டிரைவரிடம் கொடுக்கச் சொன்னாலும், பக்கத்து ஜெராக்ஸ் கடையில் கொடுக்கச் சொன்னாலும் இதே பிரிவுதான். பணமாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை.

7ஏ பிரிவு புரோக்கர்களுக்கானது. "உள்ளே எனக்கு ஆள் இருக்கிறார், நான் முடித்துத் தருகிறேன்" என்று சொல்லி, முறைகேடாகவோ தன் செல்வாக்கை வைத்தோ அரசு ஊழியரை இணங்கவைப்பதற்காகப் பணம் வாங்குபவருக்கும் அதே 3 முதல் 7 ஆண்டு தண்டனை. பதிவு அலுவலக வாசலிலும் வட்டாரப் போக்குவரத்து அலுவலக வாசலிலும் நிற்கும் பலருக்கு இப்படி ஒரு பிரிவு இருப்பதே தெரியாது.

8-வது பிரிவு உங்களுக்கானது. கவனமாகப் படியுங்கள். 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பதும் தனிக் குற்றம். 7 ஆண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். இதற்கு இரண்டு விதிவிலக்குகள். கட்டாயப்படுத்தியதால் கொடுத்தீர்கள் என்றால், கொடுத்த நாளிலிருந்து 7 நாட்களுக்குள் காவல் துறையிடமோ விசாரணை அமைப்பிடமோ புகார் செய்துவிட்டால் நீங்கள் குற்றவாளி ஆகமாட்டீர்கள். கொடுப்பதற்கு முன்பே புகார் செய்து, அவர்களுக்கு உதவுவதற்காகக் கொடுக்கிறீர்கள் என்றால் குற்றம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆகவே, பணம் ஏற்கெனவே கைமாறிவிட்டது என்றால் இந்தக் கட்டுரையை முழுக்கப் படித்துக்கொண்டிருக்காதீர்கள். தேதியை எண்ணிப் பாருங்கள். ஏழு நாள் முடியவில்லை என்றால் இன்றே கிளம்புங்கள்.

அரசு ஊழியர் என்ற சொல் நாம் நினைப்பதைவிட விரிந்தது. பஞ்சாயத்துத் தலைவர், கவுன்சிலர், அரசுப் பல்கலைக்கழக ஊழியர், பொதுத்துறை வங்கி மேலாளர் எல்லோரும் அதற்குள் அடங்குவார்கள்.

கேட்ட அன்றே செய்ய வேண்டியவை

லஞ்ச வழக்கில் "கேட்டார்" என்பதுதான் உயிர்நாடி. பணம் அவர் மேஜையில் இருந்தது, சட்டைப் பையில் இருந்தது என்பது மட்டும் போதாது என்று உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. 2022 டிசம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு நீரஜ் தத்தா வழக்கில் இதை மறுபடி உறுதிசெய்தது: கேட்டதும் பெற்றதும் நிரூபிக்கப்பட வேண்டும். புகார்தாரர் இறந்துபோனாலோ பிறழ் சாட்சியாக மாறினாலோ, மற்ற சாட்சியங்களையும் சூழ்நிலையையும் வைத்து நிரூபிக்கலாம் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. எப்படிப் பார்த்தாலும், கேட்டதற்கான தடயத்தைப் பத்திரப்படுத்துவது உங்கள் முதல் வேலை.

வீட்டுக்கு வந்ததும் ஒரு நோட்டை எடுத்து எழுதிவையுங்கள். எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த அறை, யார், என்ன பதவி, பக்கத்தில் யார் இருந்தார்கள், அவர் சொன்ன வார்த்தைகள் என்ன. "பத்து கொடுத்துடுங்க" என்றாரா, "பார்த்துச் செய்யுங்க" என்றாரா, விரலைக் காட்டினாரா, காகிதத்தில் எழுதிக் காட்டி உடனே கிழித்தாரா, அப்படியே எழுதுங்கள். நாகரிகமான நடைக்கு மாற்றாதீர்கள். ஆறு மாதம் கழித்து குறுக்கு விசாரணையில் உங்களைக் காப்பாற்றப் போவது அந்த அசல் வார்த்தைகள்தான்.

அவரிடம் மறுத்தோ சண்டை போட்டோ பேச வேண்டாம். "சார், வீட்டில் கேட்டுவிட்டு இரண்டு நாளில் வருகிறேன்" என்று சொல்லி நேரம் வாங்குங்கள். அதே சமயம் நீங்களாக "எவ்வளவு சார் வேணும்?" என்று ஆரம்பிக்காதீர்கள். அவர் தயங்கும்போது நீங்கள் தொகை சொன்னால், கேட்டது யார் என்ற கேள்வி உங்கள் பக்கம் திரும்பிவிடும். "சார், இதற்கு ரசீது உண்டா?" என்று பணிவாகக் கேட்பது நல்ல வழி. உண்மையான கட்டணம் என்றால் ரசீது வரும். இல்லை என்றால் அவர் வாயாலேயே பதில் வரும்.

போனில் பேசினால் பதிவு செய்து வையுங்கள். ஆனால் அந்தக் கோப்பை வெட்டி ஒட்டாதீர்கள், பெயர் மாற்றாதீர்கள், அசல் பதிவு இருக்கும் போனை விற்கவோ ரீசெட் செய்யவோ கூடாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-வது பிரிவின்படி, மின்னணு ஆதாரத்தின் நகலோடு ஒரு சான்றிதழும் இணைக்க வேண்டும். அந்த வேலையை விசாரணை அதிகாரி வழிநடத்துவார். உங்கள் பொறுப்பு அசலைக் காப்பது. வாட்ஸ்அப் செய்தி வந்திருந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்ததோடு நிற்காமல், செய்தியையும் அழிக்காமல் வைத்திருங்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். அந்த ஆடியோவை முகநூலிலோ ஊர் வாட்ஸ்அப் குழுவிலோ போடாதீர்கள். போட்ட அரை மணி நேரத்தில் அந்த அலுவலர் உஷாராகிவிடுவார். அவரைப் பிடிக்கும் வாய்ப்பு அத்தோடு போய்விடும். "புகார் கொடுத்துவிடுவேன், ஒழுங்காக வேலையை முடித்துக் கொடு" என்று அவரையே மிரட்டுவதும் வேண்டாம். வேலை நடந்தாலும், அடுத்து வருபவரிடம் அவர் கேட்டுக்கொண்டேதான் இருப்பார். மிரட்டினீர்கள் என்று உங்கள் மேலேயே புகார் வரவும் இடம் கொடுத்துவிடுவீர்கள்.

எங்கே போவது?

மாநில அரசு ஊழியர், உள்ளாட்சி ஊழியர் என்றால் ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்குநரகம், அதாவது நாம் லஞ்ச ஒழிப்புத் துறை என்று சொல்லும் அமைப்பு. 1964-இல் தொடங்கப்பட்டது. தலைமை அலுவலகம் சென்னை ஆலந்தூரில் இருக்கிறது. மாவட்டங்களில் பிரிவு அலுவலகங்கள் இருக்கின்றன. அவற்றின் முகவரியையும் எண்ணையும் பெரும்பாலான அரசு அலுவலகங்களின் நுழைவாயிலில் பலகையில் எழுதி வைத்திருப்பார்கள். உங்களிடம் பணம் கேட்ட அதே அலுவலகத்தின் சுவரிலும் அது இருக்கக்கூடும். வெளியே வரும்போது ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

ரயில்வே, வருமான வரி, சுங்கம், பாஸ்போர்ட், அஞ்சல், பொதுத்துறை வங்கி போன்ற மத்திய அரசு நிறுவனங்களின் ஊழியர் என்றால் சிபிஐயின் ஊழல் தடுப்புப் பிரிவுக்குப் போகலாம். சென்னையில் அதற்குக் கிளை இருக்கிறது.

மத்திய அரசு ஊழியர்களின் முறைகேட்டை உள்ளே இருந்து பார்க்கும் ஒருவர், தன் பெயர் வெளியே தெரியக் கூடாது என்று நினைத்தால், மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்துக்கு 2004-ஆம் ஆண்டின் பொதுநலத் தகவல் வெளிப்பாட்டுத் தீர்மானத்தின் கீழ் எழுதலாம். நெடுஞ்சாலைப் பணி முறைகேடுகளை அம்பலப்படுத்திய பொறியாளர் சத்யேந்திர துபே 2003-இல் கொல்லப்பட்ட பிறகு எழுந்த கொந்தளிப்பில் வந்த ஏற்பாடு இது. மூடிய உறையின் மேல் இந்தத் தீர்மானத்தின் கீழ் வரும் புகார் என்று எழுத வேண்டும். உங்கள் பெயரும் முகவரியும் உள்ளே இருக்க வேண்டும். ஆணையம் அதை ரகசியமாக வைத்துக்கொள்ளும். உறையின் மேல் அப்படி எழுதாவிட்டால் சாதாரணப் புகாராகவே எடுத்துக்கொள்வார்கள், ரகசியம் காக்கப்படாது. மொட்டைக் கடிதத்தை ஆணையம் எடுத்துக்கொள்வதில்லை. மாநில அரசு ஊழியர் மீதான புகார்களுக்கு இந்த வழி பொருந்தாது.

முதல்வரின் முகவரி துறையின் 1100 உதவி எண், கலெக்டர் அலுவலகத்தின் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டம் இரண்டும் தாமதம், அலட்சியம் போன்ற குறைகளுக்கு நல்ல இடங்கள். லஞ்சம் கேட்டதற்கான புகாரை மட்டும் அங்கே முதலில் கொடுக்காதீர்கள். அந்த மனு பல மேஜைகள் சுற்றி, நடவடிக்கைக்காக அதே துறைக்குத்தான் அனுப்பப்படும். கேட்டவர் காதுக்கு அது எட்டாமல் இருக்காது.

புகாரை எழுதுவது

நேரில் போவதே நல்லது. ஒரு பக்கம் போதும். வழக்கறிஞர் தேவையில்லை. இப்படி எழுதலாம்:

"நான் இன்ன ஊரில் வசிக்கிறேன். என் தந்தை பெயரில் உள்ள நிலத்துக்குப் பட்டா மாறுதல் கோரி இன்ன தேதியில் விண்ணப்பித்தேன். விண்ணப்ப எண் இது. இன்ன தேதி காலை 11 மணி அளவில் இன்ன அலுவலகத்தில் இன்ன பதவியில் உள்ள இன்னாரைச் சந்தித்தபோது, என் விண்ணப்பத்தைப் பரிந்துரைக்க இவ்வளவு ரூபாய் வேண்டும் என்று கேட்டார். நான் அவகாசம் கேட்டேன். இன்ன தேதியில் வரச் சொல்லியிருக்கிறார். லஞ்சம் கொடுக்க எனக்கு விருப்பம் இல்லை. அவர் மீது சட்டப்படி நடவடிக்கை எடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்."

விருப்பம் இல்லை என்ற அந்த வரி கட்டாயம் இருக்கட்டும். அவருக்கும் உங்களுக்கும் முன்பகை, கொடுக்கல் வாங்கல், நிலத் தகராறு ஏதாவது இருந்தால் அதை மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் தோண்டுவது அதைத்தான். நீங்களே சொல்லியிருந்தால் அதில் பாதி வலிமை போய்விடும். உங்கள் விண்ணப்பத்தில் குறை இருந்தாலும் சொல்லுங்கள். தெரியாததை ஊகித்து எழுதாதீர்கள். "அவர் எல்லோரிடமும் வாங்குகிறார்" என்பதைவிட "என்னிடம் இந்தத் தேதியில் கேட்டார்" என்பது பல மடங்கு கனமானது.

கொண்டுபோக வேண்டியவை: விண்ணப்பத்தின் நகல், ஒப்புகைச் சீட்டு, குறிப்பு எழுதிய நோட்டு, போன், ஆதார். பொறி வைப்பதற்கான, அதாவது அவரைக் கையும் களவுமாகப் பிடிக்க உங்களிடம் கொடுத்தனுப்பும், பணத்தைப் புகார்தாரர்தான் பெரும்பாலும் கொண்டுவர வேண்டியிருக்கும். அது எப்போது, எப்படித் திரும்ப வரும் என்பதை அன்றே கேட்டுவிடுங்கள். பணம் இல்லை என்றால் அதையும் வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

பொறி வைப்பது எப்படி நடக்கிறது?

"ரசாயனம் தடவிய நோட்டுகளை வாங்கும்போது கையும் களவுமாகப் பிடித்தனர்" என்று செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். அதன் ஒவ்வொரு படியும் நீதிமன்றத்தை மனதில் வைத்து அமைக்கப்பட்டது. முன்கூட்டியே தெரிந்திருந்தால் பயம் பாதி குறையும்.

முதலில் நீங்கள் சொல்வது உண்மையா என்று விசாரிப்பார்கள். அப்புறம் முதல் தகவல் அறிக்கை பதிவாகும். சம்பந்தமில்லாத வேறு துறைகளிலிருந்து இரண்டு அரசு ஊழியர்களைச் சாட்சிகளாக அழைப்பார்கள். அவர்கள் முன்னிலையில் உங்கள் புகாரைப் படித்து, உங்களிடம் கேள்வி கேட்டுச் சரிபார்ப்பார்கள். நோட்டுகளின் எண்களை எழுதிக்கொள்வார்கள். பிறகு அவற்றின் மேல் ஃபினால்ஃப்தலின் என்ற வெள்ளைப் பொடியைத் தடவுவார்கள். கண்ணுக்கு எளிதில் தெரியாது. அந்தப் பொடி பட்ட கையைச் சோடியம் கார்பனேட் கரைசலில் கழுவினால் கரைசல் இளஞ்சிவப்பாக மாறும். இதை உங்கள் கண் முன்னே செய்து காட்டி, எல்லாவற்றையும் மஹஜராக, அதாவது சாட்சிகள் முன்னிலையில் எழுதும் பதிவாக, எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள்.

அவர்கள் சொல்லும் அறிவுரைகளில் முக்கியமானது, அவர் கேட்டால் மட்டும் கொடுக்க வேண்டும் என்பது. போனதும் நீட்டக் கூடாது. "சார், என் விஷயம் என்ன ஆச்சு?" என்று கேளுங்கள். அவர் "கொண்டு வந்தீங்களா?" என்று கேட்ட பிறகே பணம் வெளியே வர வேண்டும். சாட்சிகளில் ஒருவர் உங்கள் கூடவே வருவார். பேச்சைக் கேட்பதும் நடப்பதைப் பார்ப்பதும் அவர் வேலை. அவரை உறவினர், நண்பர் என்று எப்படி அறிமுகப்படுத்துவது என்பதை முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அலுவலர் அவரை வெளியே போகச் சொன்னால் பதற வேண்டாம். அதற்கும் மாற்றுத் திட்டம் வைத்திருப்பார்கள். இல்லை என்றால் கிளம்புவதற்கு முன்பே கேளுங்கள்.

பணம் கைமாறியதும் முன்பே பேசிய சைகையைக் காட்ட வேண்டும். குழு உள்ளே வரும். அலுவலரின் கைகளைத் தனித்தனியாகக் கரைசலில் கழுவச் செய்வார்கள். அந்தக் கரைசலைப் புட்டிகளில் அடைத்து, முத்திரையிட்டு, தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். நோட்டு எண்களை முதல் மஹஜரோடு ஒப்பிடுவார்கள். உங்கள் கோப்பையும் கைப்பற்றுவார்கள். அந்தக் கோப்பு அவரிடம் நிலுவையில் இருந்தது என்பதற்கு அதுதான் ஆதாரம்.

அவர் அன்றைக்கு வாங்காமல் "நாளைக்கு வா" என்று சொல்லி அனுப்பலாம். சந்தேகப்பட்டு எதுவுமே கேட்காமல் இருக்கலாம். அதற்காக நீங்கள் பேச்சை வலியத் திருப்ப வேண்டாம். பணத்தோடு திரும்பி வந்து நடந்ததை அப்படியே சொல்லுங்கள்.

பிடிபட்ட பிறகு

இங்கேதான் மனம் சோர்ந்துபோகும். பிடிபட்டவர் 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தால் பணியிடை நீக்கத்தில் இருப்பதாகவே கருதப்படுவார். ஆனால் வழக்கு அவ்வளவு வேகமாக நகராது. குற்றப்பத்திரிகையை நீதிமன்றம் ஏற்க, அவரைப் பணிநீக்கம் செய்யும் அதிகாரம் உள்ளவரின் அனுமதி ஊழல் தடுப்புச் சட்டத்தின் 19-வது பிரிவின்படி தேவை. அதை 3 மாதத்துக்குள் தர முயல வேண்டும், சட்ட ஆலோசனை தேவைப்பட்டால் இன்னும் ஒரு மாதம் என்று சட்டம் சொல்கிறது. நீதிமன்ற விசாரணையை 2 ஆண்டுகளில் முடிக்க முயல வேண்டும் என்றும், காரணங்களைப் பதிவுசெய்து நீட்டித்தாலும் மொத்தம் 4 ஆண்டுகளைத் தாண்டக் கூடாது என்றும் 4-வது பிரிவு சொல்கிறது. நடைமுறையில் இதைவிட இழுக்கும் வழக்குகள் நிறைய. இது நம் நீதி அமைப்பின் பெரிய குறை, அதைப் பூசி மெழுக எனக்கு விருப்பமில்லை. இந்த அனுமதிக் கட்டத்திலேயே பல வழக்குகளின் வேகம் செத்துப்போகிறது.

17ஏ பிரிவைப் பற்றியும் கேள்விப்படுவீர்கள். அலுவலர் எடுத்த முடிவு அல்லது பரிந்துரை தொடர்பான குற்றச்சாட்டில், முன் அனுமதி இல்லாமல் காவல் துறை விசாரணையே தொடங்கக் கூடாது என்கிற பிரிவு அது. டெண்டர், ஒதுக்கீடு போன்ற பெரிய புகார்களுக்கு அது பெரிய தடை. ஆனால் லஞ்சம் வாங்கும்போது அந்த இடத்திலேயே கைது செய்யும் வழக்குகளுக்கு அது பொருந்தாது. பொறி வழக்கு சாதாரண மனிதருக்கு வலுவான ஆயுதமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த இடைவெளியில் உங்களிடம் ஆட்கள் வருவார்கள். சொந்தக்காரர், ஊர்ப் பெரியவர், சங்க நிர்வாகி. "பாவம், பெண் கல்யாணத்துக்கு இருக்கு, கோர்ட்டில் கொஞ்சம் மாத்திச் சொல்லிடுங்க" என்பார்கள். அந்தக் குடும்பத்தின் கஷ்டம் உண்மையாகவே இருக்கலாம். அதற்காகப் பொய் சாட்சி சொன்னால் குற்றவாளி நீங்கள் ஆவீர்கள். யார் வந்தார்கள், என்ன சொன்னார்கள் என்பதையும் அதே நோட்டில் எழுதி, விசாரணை அதிகாரிக்குத் தெரியப்படுத்துங்கள். மிரட்டல் என்றால் 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்ற சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கலாம். மாவட்ட நீதிபதி தலைமையிலான குழு முடிவு செய்யும். தகவல் வெளிப்படுத்துவோரைப் பாதுகாக்க 2014-இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. அது நடைமுறைக்கே கொண்டுவரப்படாமல் கிடப்பது வெட்கக்கேடு. அதனால்தான் துணை இல்லாமல் தனியாக இறங்க வேண்டாம் என்கிறேன். குடும்பத்தில் ஒருவருக்கும், நம்பிக்கையான ஒரு வழக்கறிஞருக்கும் விஷயம் தெரிந்திருக்கட்டும்.

நீதிமன்ற அழைப்பாணை வரும்போது உங்கள் பழைய நோட்டை எடுத்துப் படியுங்கள். அரசு வழக்கறிஞரைச் சந்தித்து உங்கள் வாக்குமூலத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். மறந்ததை மறந்துவிட்டேன் என்று சொல்வதில் தவறே இல்லை.

உங்கள் பட்டா, சான்றிதழ், மின் இணைப்பு என்ன ஆகும்? கோப்பு வழக்கில் இருக்கிறது என்று சாக்குச் சொல்வார்கள். மேலதிகாரிக்கு எழுத்தில் மனு கொடுங்கள், விசாரணை அதிகாரிக்கு ஒரு நகல் வையுங்கள். கைப்பற்றிய ஆவணங்களின் நகலை வைத்து வேலையை முடிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

யாரும் கேட்கவில்லை, ஆனால் நகரவும் இல்லை

வாய் திறந்து கேட்காமல், கோப்பை மட்டும் கிடப்பில் போடுவது இன்னொரு வகை. நீங்களே புரிந்துகொண்டு வர வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். இங்கே பொறி வைக்க எதுவும் இல்லை. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம்தான் வழி.

அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு தாளில் எழுதி, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, ஒப்புகையோடு தபாலில் அனுப்புங்கள். மத்திய அரசு அலுவலகம் என்றால் ஸ்டாம்புக்குப் பதில் 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர் என்றால் சான்று இணைத்தால் கட்டணமே இல்லை. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

"ஏன் தாமதம்?" என்று கேட்காதீர்கள், காரணம் விளக்குவது தங்கள் வேலை இல்லை என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். ஆவணத்தில் இருப்பதைக் கேளுங்கள்: என் விண்ணப்பம் எந்தெந்த அலுவலரிடம் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை இருந்தது; ஒவ்வொருவரும் கோப்பில் எழுதிய குறிப்பின் நகல்; இப்போது யாரிடம் இருக்கிறது, அவர் பெயர், பதவி; இந்த வகை விண்ணப்பத்தை முடிக்க அரசு நிர்ணயித்த கால வரம்பின் ஆணை நகல்; எனக்குப் பிறகு விண்ணப்பித்து முடிக்கப்பட்டவற்றின் பதிவேட்டைப் பார்வையிட அனுமதி. இந்தக் கேள்விகள் போய்ச் சேர்ந்ததுமே பல கோப்புகள் நகரத் தொடங்கும். தன் பெயரும் தேதியும் எழுத்தில் வெளியே வரப்போகிறது என்பது எந்த மேஜைக்கும் உறைக்கும்.

30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால், அல்லது மழுப்பலாக வந்தால், அடுத்த 30 நாட்களுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். அதுவும் பயன் தரவில்லை என்றால் 90 நாட்களுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. காரணம் இல்லாமல் தகவல் மறுத்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை ஆணையம் அபராதம் விதிக்கலாம். அது அவர் சொந்தப் பணத்திலிருந்து போக வேண்டியது.

2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைத் திருத்தி, தனிநபர் விவரம் என்று சொல்லி மறுக்கும் இடத்தை அகலமாக்கியிருக்கிறது. இது மக்களின் கையிலிருந்து பிடுங்கப்பட்ட உரிமை என்றே நான் நினைக்கிறேன். ஆனால் பொதுநலன் பெரிது என்றால் தகவலைத் தரலாம் என்னும் 8(2) பிரிவு இன்னும் இருக்கிறது. மேல்முறையீட்டில் அதைக் குறிப்பிடுங்கள்.

தெருச் சாலையும் ஊர்க் கணக்கும்

ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பு 1994 முதல் ஊர் ஊராக மக்கள் விசாரணை நடத்தியது. பஞ்சாயத்தின் பில்லையும் வேலையாட்கள் பட்டியலையும் ஊர் நடுவே உரக்கப் படித்தார்கள். வேலை செய்யாதவர்கள் பெயரில் கூலி, கட்டப்படாத கட்டடத்துக்குச் செலவு என்று ஒவ்வொன்றாக மக்களே எழுந்து சொன்னார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கான போராட்டத்தின் வேர்களில் அதுவும் ஒன்று. அந்த முறையை நம் ஊரில் அப்படியே செய்யலாம்.

ஒரு சாலையையோ வாய்க்காலையோ மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தப் பஞ்சாயத்தையும் ஒரே மனுவில் கேட்டால் எதுவும் கிடைக்காது. மதிப்பீடு, பணி ஆணை, அளவீட்டுப் புத்தகமான எம்-புக், பணம் வழங்கிய பில், பணி முடிந்ததற்கான சான்று ஆகியவற்றின் சான்றிட்ட நகல்களைக் கேளுங்கள். எம்-புக்கில்தான் நீளம், அகலம், கனம் எல்லாம் இருக்கும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 2(ஜே) பிரிவின்படி வேலையை நேரில் பார்வையிடவும், பயன்படுத்திய பொருளின் சான்றிட்ட மாதிரியைப் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு. டேப்பை எடுத்துக்கொண்டு நாலு பேராகப் போய் அளந்து பாருங்கள், ஓரத்தில் சாலையின் கனத்தையும் பாருங்கள். விலகல் இருந்தால் போட்டோ, தேதி, அளவு, அளந்தவர்கள் கையெழுத்து எல்லாவற்றையும் ஒரே தாளில் கொண்டுவாருங்கள். ஊரில் ஓய்வுபெற்ற ஓவர்சியரோ மேஸ்திரியோ இருந்தால் அவரைக் கூட்டிப்போவது பெரிய பலம்.

தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. கையில் எம்-புக் நகலோடு போய், கோபப்படாமல், ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இதில் இவ்வளவு கனம் என்று இருக்கிறது, நாங்கள் அளந்தபோது இவ்வளவுதான் இருந்தது, மீதி எங்கே? தலைவரைத் திட்டினால் கூட்டம் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். எண்ணைச் சொன்னால் அவருக்கு வேண்டியவர்களும் யோசிப்பார்கள். திருப்தியான பதில் இல்லை என்றால் அந்த ஆவணங்களோடு கலெக்டருக்கும் லஞ்ச ஒழிப்புத் துறைக்கும் எழுதலாம். கூட்டம் முடிந்ததும் நீட்டப்படும் பதிவேட்டில் உடனே கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் கேள்வியும் அதற்குக் கிடைத்த பதிலும் தீர்மானத்தில் ஏறியிருக்கிறதா என்று படித்துப் பார்த்து, இல்லை என்றால் எழுதச் சொல்லி, அதற்குக் கீழே போடுங்கள்.